நெல்மணியும் தீப்பெட்டியும்: ஸ்ரீரங்கம் 1752-ஐ மேசையில் ஆடுவது

காவிரிப் படுகையில் நடந்த சண்டைகளை மேசைமேல் ஆடப் பார்க்கிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, பச்சைத் துணியை விரித்து, நீல ரிப்பனைக் குறுக்கே ஓட்டி, ‘இதுதான் ஆறு’ என்பது. வார்கேம், அதாவது பழைய போர்களைக் காய்களும் பகடையும் வைத்து ஆடிப் பார்க்கிற ஆட்டத்தின், விதிப்புத்தகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வயல் என்றால் திறந்த வெளி. குதிரை ஓடும், பீரங்கி உருளும். நம் ஊரில் சேடை ஓட்டிய, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுத, வயலில் மாடு இறங்கினாலே முழங்கால் வரை புதையும். அதே வயல் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, வண்டி போனால் கடகடக்கிற அளவுக்கு இறுகிக் கிடக்கும். ஆறும் அப்படித்தான். மாசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடக்கிற ஆற்றை ஆடிப்பெருக்கில் பரிசல் இல்லாமல் கடக்க முடியாது. மேசையில் எந்த மாதம் என்று முடிவு செய்யாமல் ஒரு காயைக்கூட வைக்கக் கூடாது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு போரை: 1752 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி நடந்ததை. படுகையின் தலைமாட்டில், காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்புக்கும் கீழே கல்லணைக்கும் இடைப்பட்ட நிலம் இது. திருச்சிக் கோட்டையில், ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகமது அலி. அவருக்குத் துணையாக ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், ராபர்ட் கிளைவ் தலைமையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மைசூர் நஞ்சராஜா, மராத்தியர் முராரி ராவ், தஞ்சை மன்னர் பிரதாபசிம்மனின் படையோடு தளபதி மானோஜி. எதிர்ப்பக்கம், திருச்சியை முற்றுகையிட்டிருந்தவர்கள்: அதே பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும், ழாக் லா தலைமையில் பிரெஞ்சுக்காரரும். லாரன்ஸ் துணைப்படையோடு திருச்சிக்கு வந்ததும் லா தன் படையைக் காவிரிக்கு வடக்கே, தீவுக்குள் இழுத்துக்கொண்டார். ரங்கநாதர் கோயிலுக்கு ஏழு சுற்று மதில், திருவானைக்காவுக்கு ஐந்து. முன்னால் ஒரு ஆறு, பின்னால் ஒரு ஆறு. பார்த்தால் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஆங்கிலப் படை செய்தது இதுதான்: ஏப்ரல் 6 இரவு கிளைவிடம் 400 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், 3000 மராத்தியக் குதிரை, 1000 தஞ்சைக் குதிரை, 8 பீரங்கி கொடுத்து, இரண்டு ஆற்றையும் கடந்து சமயபுரத்தில் போய் உட்காரச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து தீவுக்கு வருகிற வழி அந்தப் பக்கம்தான். லாரன்ஸ் மீதிப் படையோடு திருச்சியிலேயே இருந்தார். எட்டு வாரத்துக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடித்துவிட்டு லா சரணடைந்தார். பெரிய மோதல் என்று ஒன்றைத் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாத போர் இது. ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பதினைந்து ஆட்டில் ஒன்றால்கூட மூன்று புலியில் ஒன்றை வெட்ட முடியாது. ஆடு ஜெயிப்பது புலி நகர இடமில்லாமல் கட்டித்தான்.

அதனால் இந்தப் போரை ஒரே மேசையில் ஆடக் கூடாது. இரண்டு பலகை வேண்டும். எங்கே, எப்போது, எதை விட்டுக்கொடுத்துச் சண்டைக்குப் போவது என்கிற போர்த்திட்டத்துக்கு ஒரு வரைபடம். கைகலந்த பிறகு எந்த வரப்பில் நிற்பது, எவ்வளவு கிட்டத்தில் சுடுவது என்கிற களத்தந்திரத்துக்கு ஒரு மேசை. வரைபடத்தில் எடுக்கிற முடிவின் விலையை மேசையில் கட்டவேண்டி வரும். மேசையில் மட்டும் ஆடுகிறவர்கள் நாளடைவில் நல்ல சிப்பாய்களாவார்கள். படைத்தலைவராக மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வரைபடத்துக்கு 1 சென்டிமீட்டர் = 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கிற 56 × 71 செ.மீ. சார்ட் பேப்பர் இரண்டை நீளவாட்டில் ஒட்டினால் தெற்கே திருச்சியிலிருந்து வடக்கே வாலிகண்டபுரம் வரை அடங்கிவிடும். திருச்சியை அகலத்தின் நடுவில் வைக்காதீர்கள். மலைக்கோட்டைக்கு மேற்கே நாலைந்து கிலோமீட்டர் விட்டால் போதும். கிழக்கேதான் கோவிலடி, லால்குடி, ஊட்டத்தூர் எல்லாம் வரவேண்டும். முக்கொம்பு தாளுக்கு வெளியே போய்விடும், பரவாயில்லை. ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினால், புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் போடுவதுபோல ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்கள். போடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூச்சி அரித்து லால்குடியே காணாமல் போய்விடும். துத்தம் விஷம். பசை காய்ச்சின பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

ஒரு நாளுக்குப் பகல் நகர்வு ஒன்று, இரவு நகர்வு ஒன்று. பீரங்கியோடு போகிற காலாட்படைக்குப் பகலில் 16 கிலோமீட்டர், அதாவது 32 செ.மீ. பீரங்கி இல்லாத சிப்பாய்களுக்கு 24. மராத்தியக் குதிரைக்கு 40. நெல் சுமக்கிற பொதிமாட்டுக்கு 12. இரவில் எல்லாருக்கும் பாதி, பொதிமாடு நகராது. ஆற்றில் துறை உள்ள இடத்தில் மட்டும் கடக்கலாம். கடந்தால் அன்றைய நகர்வில் 4 செ.மீ. கழியும். அளக்கிறபோது ஸ்கேலை நேராக வைக்காமல் பாதையோடு ஒரு நூலை ஓட்டிப் பாருங்கள். படுகையில் நேர்வழி என்பது காக்கைக்கு மட்டும்தான்.

படைகளை வரைபடத்தில் திறந்து வைத்தால் ஆட்டமே கெட்டுப்போகும். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி செய்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருந்தார். இரண்டு பக்கமும் அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே அறிந்தார்கள். மூன்றாவது ஆள் கிடைத்தால் அதுதான் சிறந்த முறை. கிடைக்காவிட்டால் தீப்பெட்டி இருக்கிறது. பக்கத்துக்குப் பன்னிரண்டு காலிப் பெட்டி எடுத்து மேலே எண் எழுதுங்கள். உள்ளே காய்களைப் போட்டு மூடி, பெட்டியை மட்டும் வரைபடத்தில் நகர்த்துங்கள். ஆங்கிலப் பக்கத்துக்கு மூன்று, பிரெஞ்சுப் பக்கத்துக்கு இரண்டு வெறும் பெட்டி அனுமதி. எதிரிப் பெட்டிக்கு 4 செ.மீ. கிட்டத்தில் குதிரை வந்தால்தான் திறந்து காட்டவேண்டும். ஒரு எச்சரிக்கை: வெறும் பெட்டியை எடுக்கிற விரலே காட்டிக்கொடுத்துவிடும், கனம் தெரியும். எல்லாப் பெட்டியிலும் சின்னத் துண்டு ஈயமோ நாலு புளியங்கொட்டையோ போட்டு எடையைச் சமன் செய்யுங்கள்.

இதோடு இன்னொரு விதி கட்டாயம்: செய்தி ஒரு நகர்வு பழசாகத்தான் வரவேண்டும். அதற்குக் காரணமே இந்தப் போரில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து தோத்தேய் என்ற தளபதி 120 ஐரோப்பியர், 500 சிப்பாய்களோடு பெரிய உணவுப்பொதியைக் கூட்டிக்கொண்டு ஊட்டத்தூர் வரை வந்தார். அவரை மறிக்கக் கிளைவ் சமயபுரத்தை விட்டுப் புறப்பட்டார். லாவுக்குக் கிளைவ் போன சேதி கிடைத்தது. தோத்தேய் முன்னேறாமல் பின்வாங்கியதும், கிளைவ் அன்றைக்கே சமயபுரம் திரும்பியதும் கிடைக்கவில்லை. ஆளில்லாத முகாமென்று நம்பி லா அன்றிரவு 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். அவர்கள் போய் விழுந்தது முழுப் படையின் மடியில். இதை மேசையில் கொண்டுவர, எதிரியின் பெட்டி நகர்ந்ததைப் பார்த்தவர் அதை ஒரு தாளில் எழுதி வைத்து, அடுத்த நகர்வில்தான் தன் கட்டளையை மாற்றலாம் என்று வையுங்கள். ஒரே வரி விதிதான். ஆட்டத்தின் சுபாவத்தையே மாற்றிவிடும்.

அடுத்தது நெல். இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாக்கு டப்பா ஒன்றில் 240 நெல்மணி எண்ணிப் போடுங்கள். அது தீவுக்குள் இருக்கிற இருப்பு. லால்குடியில் 60, கோவிலடியில் 60. இந்த இரண்டும் உண்மையிலேயே பிரெஞ்சுப் பக்கத்தின் தானியம் இருந்த இடங்கள். தீவில் இருக்கிற படை நாளொன்றுக்கு 6 மணி தின்னும்: சந்தா சாகிபின் குதிரையும் கூட்டமும் 4, பிரெஞ்சுக்காரரும் சிப்பாய்களும் 2. எல்லாம் கையில் இருந்தால் 360 மணி, 60 நாள் தாங்கும். கிளைவ் லால்குடியைப் பிடித்தார், மானோஜி கோவிலடியைப் பிடித்தார். அந்தக் கணத்தில் 60 நாள் 40 நாளாகச் சுருங்குகிறது. மணிகளை எண்ணி எடுத்து எதிராளி கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதிக் கழிப்பதைவிட அது வேறு மாதிரி உறைக்கும். டப்பாவின் அடி தெரியத் தொடங்கும்போது ஆடுகிறவரின் முகம் மாறுவது நிச்சயம்.

தீவை ஆடுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் செய்வது, எல்லாத் துறைக்கும் ஒரு பெட்டி காவல் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் கொள்ளிடக் கரை மட்டும் 28 கிலோமீட்டர் வரும். எட்டுப் பெட்டியைப் பரப்பினால் ஒன்றுக்கு மூன்றரைக் கிலோமீட்டர். எந்த இடத்தில் எதிரி வந்தாலும் அங்கே எட்டில் ஒரு பங்கு படைதான் நிற்கும். தீவின் நன்மையே நடுவில் இருப்பது. ஸ்ரீரங்கத்திலிருந்து எந்தத் துறைக்கும் எதிரியைவிடச் சீக்கிரம் போய்விடலாம். இருக்கிற இரண்டு வெறும் பெட்டியைத் துறைகளில் வைத்து, நிஜப் படையைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரே மொத்தையாக வைத்திருப்பதே சரி.

அப்படி வைத்திருந்தால் முதல் இரண்டு நாளில் ஒரு வாசல் திறக்கும். சமயபுரம் ஸ்ரீரங்கத்திலிருந்து நேர்க்கோட்டில் எட்டரைக் கிலோமீட்டர். துறையையும் வரப்புச் சுற்றையும் சேர்த்தால் பத்து. பீரங்கியோடு போனாலும் ஒரே பகல். திருச்சியிலிருந்து லாரன்ஸ் உதவிக்குப் போகவேண்டுமானால் தீவின் கிழக்கு முனையைச் சுற்றி இரண்டு ஆற்றையும் கடக்கவேண்டும். 25 கிலோமீட்டருக்குக் குறையாது, பீரங்கியோடு இரண்டு நாள். லாவிடம் எழுநூறுக்கு மேல் ஐரோப்பியர், சிப்பாய்கள் ஏறத்தாழ இரண்டாயிரம். கிளைவிடம் அதில் பாதிதான் காலாட்படை. முழுப் படையோடு போய் அடிக்க ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆடுகிறவர்கள் போகமாட்டார்கள், லாவும் போகவில்லை. காரணம் திருச்சிப் பக்கம் நிற்கிற அந்த மூன்று வெறும் பெட்டி. அவை வெறுமை என்று தெரியாதவரை முதுகைத் திருப்பத் துணிவு வராது. லாரன்ஸாக ஆடுகிறவர் வெறும் பெட்டி மூன்றையும் காவிரித் தென்கரையில் முதல் நாளே நிறுத்தவேண்டியது இதற்காகத்தான். நிஜப் படையை மறைப்பதற்கு அதைச் செலவழித்தால் வீண்.

இனி மேசை. சமயபுரத்து இரவுத் தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். இங்கே முதலில் குழறுபடியாவது அளவு. ஒரு கட்டை (மேசையில் ஒரு படைப்பிரிவைக் குறிக்கிற துண்டு) 50 ஆள் என்று வைத்தால், மூன்று வரிசையில் நிற்கும்போது வரிசைக்கு 17 பேர். ஆளுக்கு 60 செ.மீ. இடம் கொடுத்தால் முகப்பு 10 மீட்டர். கட்டை இரண்டரைச் செ.மீ. அகலமென்றால் 1 செ.மீ. = 4 மீட்டர். இந்தக் கணக்கைப் போடாமல் ‘ஒரு அடி நூறு கஜம்’ என்று வாய்க்கு வந்ததை வைத்தால், 50 பேர் கொண்ட கட்டை ஊரையே அடைத்துக்கொண்டு நிற்கும். 120 × 90 செ.மீ. பிளைவுட் பலகை 480 × 360 மீட்டருக்குச் சமம். கிளைவின் முகாம் சாலையின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 400 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கோயில்களையும் ஒரு சத்திரத்தையும் சுற்றி இருந்தது. அதாவது மேசையில் 100 செ.மீ.; கோயில்கள் இரண்டு முனையிலும் கச்சிதமாக உட்காரும். ஐரோப்பியர் 8 கட்டை, சிப்பாய்கள் 14. தாக்க வருகிறவர்களில் ஐரோப்பியர் 40 ஆள் வீதம் 2 கட்டை, சிப்பாய்கள் 14. குதிரைக்கு மட்டும் கட்டைக்கு 200 என்று வைத்து 20 கட்டை, ஆனால் விடியும்வரை மேசைக்கு வெளியே. இரவில் குதிரையை அவிழ்த்துச் சேணம் கட்டி அணிசேர்க்க நேரம் ஆகும்.

வயல் செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். பழைய சாக்கை 15 × 20 செ.மீ. துண்டுகளாக வெட்டி, சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து, சமதரையில் பாலித்தீன்மேல் காயவையுங்கள். அட்டையில் நேராக ஒட்டினால் காயும்போது ஓரம் சுருண்டு மேலே எழும்பும். சாக்கு அப்படி இழுக்காது. வரப்புக்கு 4 மி.மீ. தேங்காய் நார்க் கயிறு. அதைப் பசையில் நனைத்து, டீ வடிகட்டியில் சலித்த மணலில் புரட்டி, துண்டின் நான்கு விளிம்பிலும் பதியுங்கள். ஆற்று மணல் சலிக்காமல் போட்டால் இந்த அளவில் பாறாங்கல் மாதிரித் தெரியும். சித்திரை வயலுக்கு மேலே சாம்பல் கலந்த வெளிர்பழுப்பு அடித்து, காய்ந்ததும் கத்தி முனையால் தாறுமாறாகக் கீறி வெடிப்பு காட்டுங்கள். மறுபக்கத்தைக் கறுப்பும் பழுப்புமாக அடித்து வார்னிஷ் பூசிவிட்டால் அதுவே ஐப்பசிச் சேடை. துண்டைப் புரட்டினால் பருவம் மாறிவிடும். தென்னந்தோப்புக்கு ஈர்க்கும் பச்சைக் காகிதமும் போதும்.

இந்தப் புரட்டல் விளையாட்டு வேலை என்று நினைக்காதீர்கள். வறண்ட வயலில் அணிவகுத்த கட்டைக்கு நகர்வு 12 செ.மீ., வரப்பைத் தாண்டும்போதெல்லாம் 2 கழியும், குதிரை நடக்கும், ஓடாது. சேடையில் அணி 4 செ.மீ. நகரும், பீரங்கி இறங்கவே இறங்காது, குதிரைக்கு வழியே இல்லை. எல்லாரும் வரப்பில் ஒற்றை வரிசையாகப் போகவேண்டியதுதான். அப்போது வரப்பு சந்திக்கிற முக்குகளும் வாய்க்கால் மதகுகளும் கோட்டை வாசலுக்குச் சமம். 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக் கரையில் திப்பு கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைச் சூழ்ந்து பிடித்ததை ஆட விரும்பினால், சம்பா அறுவடை முடிகிற மாதம் என்பதைக் கவனியுங்கள். குதிரைப்படை சுற்றி வளைக்க அந்த நிலம் இடம் கொடுக்கும். அதே மேசையில் கார்த்திகை வயலைப் போட்டால் வேறு கதை.

சுடுவதற்குக் கட்டைக்கு ஒரு பகடை. 25 செ.மீ. வரை, அதாவது 100 மீட்டர், 6 விழுந்தால் அடி. 12 செ.மீ.க்குள் 5, 6. ஒரு கட்டையின் முதல் வெடி நிதானமாகக் கெட்டித்தது. அதைக் கிட்டத்தில் வெடித்தால் 4, 5, 6. நான்கு கட்டை சேர்ந்து தூரத்தில் சுட்டால் ஒரு அடியாவது விழ 52 சதவீதம். கிட்டத்தில் 80. முதல் வெடியைக் கிட்டத்தில் வைத்துச் சுட்டால் 94. சராசரியில் இரண்டு அடி, தூரத்தில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு. புதிதாக ஆடுகிறவர் எதிரி எல்லைக்குள் வந்ததும் பகடையைக் கையில் எடுப்பார், முதல் வெடி போய்விடும். வரப்புக்குப் பின்னால் நிற்கிறவர் மீது விழுகிற அடிக்கு இன்னொரு பகடை போட்டு, 5, 6 வந்தால் அடி வரப்பில் பட்டதாகக் கொள்ளுங்கள். படுகையில் வரப்பு முழங்கால் உயரம்தான். நிற்கிறவனை முழுக்க மறைக்காது. அதற்குமேல் சலுகை கொடுத்தால் யாரும் வரப்பை விட்டு எழுந்து வரமாட்டார்கள்.

இரவு என்றால் பார்வை 5 செ.மீ. காவல் சாவடியை நெருங்கும்போது அழைப்புக் கேள்வி வரும். இரண்டு பகடை போட்டு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் சத்தம் கிளம்பிவிடும். மூன்று சாவடியைச் சத்தமில்லாமல் கடக்க 20 சதவீத வாய்ப்புத்தான். அன்று வந்த 80 ஐரோப்பியரில் 40 பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தவர்கள். லாரன்ஸ் அனுப்பிய துணைப்படை என்று ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி முகாமுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் முன்னால் போனால் 11 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் சத்தம் என்று வையுங்கள்: மூன்றையும் கடக்கிற வாய்ப்பு 77 சதவீதமாக ஏறும். நாற்பது பேரின் பேச்சு எழுநூறு துப்பாக்கியைவிடப் பெறும் என்பது பகடைக் கணக்கிலேயே தெரிகிறது. ஒரு இழப்பும் உண்டு. அந்த இரண்டு கட்டையில் ஒன்று அடிபட்டு விலகினால் சலுகை போய்விடும், அதனால் அவர்களைச் சண்டையில் முன்னால் தள்ளக் கூடாது.

உள்ளே வெடி கிளம்பியதும் தாக்கப்பட்டவர்களுக்கும் குழப்பம். 10 செ.மீ. சுற்றில் இருக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் பகடை போட்டு, 1 வந்தால் பக்கத்தில் இருப்பது யாராக இருந்தாலும் சுடும். 2, 3 என்றால் அசையாது. கிளைவே முதலில், தன் சிப்பாய்கள் பயந்து வீணாகச் சுடுகிறார்கள் என்று நினைத்து எதிரிச் சிப்பாய்களிடம் போய் அதட்டினார். இந்த விதி இல்லாவிட்டால் தூங்கி எழுந்தவன் பகல்போல அணிவகுத்துவிடுவான், இரவுத் தாக்குதலுக்கே அர்த்தமிருக்காது.

தாக்க வந்தவர்கள் கோயிலைப் பிடித்தார்கள். விடிந்ததும் உள்ளே இருந்தவர்கள் சரணடைய வேண்டியதாயிற்று. ஆற்றை நோக்கி விலகிய சிப்பாய்களை மராத்தியக் குதிரை வெளியில் மறித்து வெட்டியது. மேசையில் இதை ஆடினால் பெரும்பாலும் இதே முடிவு வரும். எங்கே தப்பு என்று மேசையிலேயே தேடினால் கிடைக்காது, வரைபடத்தில் இருக்கிறது. சிப்பாய்களுக்கு இரவு நகர்வு 12 கிலோமீட்டர், அதாவது 24 செ.மீ. ஸ்ரீரங்கத்திலிருந்து போகவே 20 செ.மீ. ஆகிவிடும். திரும்ப 4 செ.மீ. மிச்சம், விடியும்போது திறந்த வயலில், நாலாயிரம் குதிரைக்கு நடுவில்.

பரிகாரம் கொள்ளிடத்தின் வடகரையிலேயே இருந்தது. பிச்சாண்டார்கோவிலில் பிரெஞ்சுக் காவல்படை இருந்தது. அங்கிருந்து சமயபுரம் வரைபடத்தில் 12 செ.மீ. போக 12, வர 12. கூட்டினால் சரியாக ஒரு இரவின் நகர்வு. முந்தின பகலிலேயே படையைப் பிச்சாண்டார்கோவிலுக்கு நகர்த்தி, இருட்டியதும் புறப்பட்டு, முகாமைக் கலைத்துவிட்டுக் கோயிலைப் பிடிக்காமல் திரும்பினால் விடிவதற்குள் மதிலுக்குள் வந்துவிடலாம். தங்கி நின்று பிடிக்கிற ஆசை வந்தால் கெட்டது. கிளைவாக ஆடுகிறவருக்கும் இதிலிருந்து பாடம் எடுக்க வழி உண்டு: பிச்சாண்டார்கோவில் எதிரி கையில் இருக்கிறவரை சமயபுரத்தில் நிம்மதியான தூக்கம் கிடையாது. பின்னால் மே மாதத்தில் கிளைவ் அதைப் பிடித்தார். கொள்ளிடக் கரையிலிருந்து அக்கரையில் இருந்த சந்தா சாகிபின் முகாமுக்குள் குண்டு விழத் தொடங்கியதும் அந்த முகாம் கலைய ஆரம்பித்தது.

தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. 1752 செப்டம்பர் வரை இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் புதியதில். வித்தியாசம் 11 நாள். ஆங்கிலக் குறிப்பில் உள்ள ஏப்ரல் 6 பிரெஞ்சுக் குறிப்பில் ஏப்ரல் 17; நம் கணக்கில் சித்திரை பிறந்து ஒரு வாரம். இரண்டு பக்கத்துக் குறிப்பையும் கலந்து ஒரே அட்டவணை போட்டால், தோத்தேய் வருவதற்கு முன்பே கிளைவ் அவரை மறிக்கப் புறப்பட்டதாக ஆகிவிடும். அதைவிட முக்கியம், தண்ணீர் வருகிற நாள் தப்பிப்போகும். ஆட்டத்தை ஆங்கிலத் தேதியில் தொடங்கினால் முடிவு ஜூன் தொடக்கம் போலத் தெரியும்; உண்மையில் ஜூன் நடு, மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடுகிற நேரம்.

இன்றைய கொள்ளிடத்தைப் பார்த்துத் துறைகளைக் குறிக்காதீர்கள். மேட்டூர் அணை 1934-இல் வந்தது, முக்கொம்பு மேலணை 1836-இல். 1752-இல் இரண்டும் கிடையாது. காவிரித் தண்ணீர் தன்போக்கில் வந்தது, தன்போக்கில் பிரிந்தது. கொள்ளிடம் அதிகமாக இழுத்துக்கொண்டதால்தான் பிறகு மேலணையே கட்டினார்கள். ஆகவே 45-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரு பகடை போடுங்கள். 1, 2 வந்தால் அன்று கொள்ளிடத் துறைகள் மூடல். 52-ஆம் நாளிலிருந்து 1 முதல் 3 வரை. இரண்டு பக்கத்தையும் அது கட்டிப்போடும்: தீவிலிருந்து வெளியே ஓட முடியாது, சமயபுரத்துக்கு உதவியும் போக முடியாது. எதிரி அருகில் இல்லாத காலத்தில் மூன்று நாளை ஒரே நகர்வாக ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் 58 நாள் ஆட்டம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையிலும் முடியாது.

கடைசியாக, நெல்லைப் பற்றி இன்னொரு முடிவு மிச்சமிருக்கிறது. அதை நேரம் பார்த்து எடுக்கத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டத்தில் தேறுகிறார். சந்தா சாகிபின் குதிரையில் பெரும்பகுதி கலைந்து போனது. ஒரு பகுதி கிளைவிடமே வந்து சேர்ந்தது. ஆட்டத்தில் லாவாக இருப்பவர் எந்த நாளிலும் குதிரையை அனுப்பிவிடலாம். அனுப்பினால் அன்றாடச் செலவு 6 மணியிலிருந்து 3 மணியாகக் குறையும். 22-ஆம் நாள் முடிய வைத்திருந்து அனுப்பினால் 132 மணி போயிருக்கும், மீதி 108, இன்னும் 36 நாள் தாங்கும். கூட்டினால் சரியாக 58. பத்து நாள் முந்தினால் இன்னும் பத்து நாள் கூடும், ஆனால் உடைத்துக்கொண்டு வெளியேறுகிற கடைசி வாய்ப்பும் குதிரையோடு போய்விடும். எதிர்ப்பக்கத்துக்கும் கேள்வி இருக்கிறது. வெளியே வருகிற குதிரைக்கு வழிவிட்டால் தீவின் வாய் குறைகிறது, முற்றுகை நீள்கிறது. மறித்துத் திருப்பி அனுப்பினால் டப்பா சீக்கிரம் காலியாகும், ஆனால் பசித்த மூவாயிரம் குதிரை ஒரே துறையில் வந்து மோதலாம். வழிவிடுகிறவர் 45-ஆம் நாளைக் கண்ணில் வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு துறை திறக்குமா என்பது பகடையின் கையில்.